மீசைக்கார சிலிண்டர்

பெஹாலா, கொல்கத்தா
10 மார்ச் 2025

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக அம்பத்தூர் பெண்கள் விடுதியில் உர்ரென்று உட்கார்ந்திருக்கும் செல்வி சுபிக்ஷா விஸ்வநாதனுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நம் வீட்டு பால்கனித் தொட்டியில் நவம்பர் முதல் வளர்ந்துவந்தது ரோஜா அல்ல, கத்தரிச்செடி என்பது இன்று காலை ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயின் மூலம் ஐயந்திரிபற நிரூபணமானது. கரியாஹாட் சந்தையில் அந்த நாற்றை அம்மாவிடம் விற்ற மகானுபாவரைக் காணவில்லை. 'ரோஜா' என்று அவர் எழுதிக் குத்திய அட்டை மட்டும் இன்னும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அம்மா துக்கம் அனுஷ்டித்தபடியே அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸப்பில் பிளாக், இன்ஸ்டாவில் பிளாக். ஒரு ரூபாய் அனுப்பி 'ஸாரி' என்று எழுதினேன் என்பதற்காக ஜிபேயிலும் பிளாக். போதாததற்கு ப்ளஸ் ஒன் பரீட்சை முடியும்வரை என் போன் அம்மாவின் பீரோவில் சிறைவாசம். மிச்சமிருப்பவர் தபால்காரர். அவரை பிளாக் செய்ய இன்னும் பட்டன் வரவில்லை.

உன் மீட்டிங்கில் நடந்ததற்கு மறுபடியும் மன்னிப்பு. பணியிட இரைச்சலைப் பற்றி நீ உன் ஆபீசுக்கே வீட்டிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, உன் லேப்டாப் அம்மாவின் குரலில் "அடியே, குளிச்சியா இல்லையா?" என்று கத்தும்படி நான் வைத்தது தப்புதான். தலைப்புக்குப் பொருத்தமான உதாரணம் என்பதை மட்டும் நீ ஒருநாள் ஒப்புக்கொள்வாய்.

இப்போது விஷயம்.

துறைமுகத்தில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு அப்பா நவம்பரில் கார்டன் ரீச் பக்கம் ஒரு பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார் அல்லவா? கப்பல்களுக்கு ஏணியும் குழாயும் செய்கிற இடம். போன வாரம் அங்கே பாதுகாப்பு ஆடிட். பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர்கள் வந்து, பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கணக்குப் பரீட்சை மார்க்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பாதுகாப்பு வாரம் முடிகிறது என்று ஊழியர் குடும்பங்களை அழைத்து லுச்சிப் பூரியும் ஆலுர்தம் உருளைக்கிழங்கும் போட்டார்கள். மேனேஜர் ஜெயந்த் பாபு அப்பாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார். நான் எட்டாவது லுச்சியோடு பட்டறையைச் சுற்றிப் பார்க்கப் போனேன்.

வெல்டிங் நடக்கும் இடத்தில், சுவரில், சிவப்பாக, புத்தம் புதிதாக ஒரு தீயணைப்பு சிலிண்டர். சும்மா திருப்பிப் பார்த்தால், அதன் முதுகுப் பக்கம் கறுப்பு மார்க்கரால் வரைந்த முறுக்கு மீசை.

அந்த மீசையை எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை வளர்த்தவன் நான். சரஸ்வதி பூஜைக்கு நம் பாடா (தெரு) கிளப் பந்தலில், தேவிக்கு இடது பக்கம் நின்றதே ஒரு சிலிண்டர், அதே ஆள். நானும் என் கூட்டாளி நரேனும் டால்கம் பவுடரால் அன்னப்பறவைக்கு மேகம் போட்டு எல்லோரிடமும் கைதட்டு வாங்கினோமே, அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மீசை வைத்தேன். பந்தல் போட்ட டெக்கரேட்டர் நிதாய் தா, அதாவது நம் நிதாய் அண்ணன், நாற்காலி, மின்விசிறி, ஷாமியானா எல்லாவற்றோடும் சேர்த்து வாடகைக்குக் கொண்டுவந்த சிலிண்டர் அது.

பூஜைப் பந்தலில் சாமி கும்பிட்டவர் பட்டறையில் எப்படி வேலைக்குச் சேர்ந்தார்? நீதான் ஊர் ஊராகப் போய் ஆடிட் செய்கிறவள் ஆயிற்றே. சொல்லு. அதோடு இன்னொரு கேள்வி, இதை நான் யாரிடமும் கேட்க முடியாது: அப்பாவுக்கு இது தெரியுமா?

தீயையே அணைப்பவன் இருக்கும்போது நீ மட்டும் ஏன் எரிகிறாய்? பதில் போடு.

இப்படிக்கு
தம்பி ஹரீஷ் (பிளாக் செய்யப்பட்டவர் நலச் சங்கம், தலைவர்)


அம்பத்தூர்
15 மார்ச் 2025

ஹரீஷ்,

உன் கடிதம் வந்தது. கோபம் தீர்ந்ததால் பதில் எழுதவில்லை. எங்கள் டீம் லீடர் பட்டாபி சார் இப்போதும் காலையில் குட்மார்னிங்குக்குப் பதில் "குளிச்சாச்சாம்மா?" என்றுதான் கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஆபீசில் என்னை யாராவது சீரியஸாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்த வாரத்தில் நீ அதைச் செய்தாய். உனக்குப் புரியாது.

என் பச்சை நெயில் பாலிஷ் எங்கே? மினுமினுப்பு கலந்தது. அங்கிருந்து கிளம்பும் அவசரத்தில் அதைக் காணாமல் தேடினேன். நீதான் எடுத்திருப்பாய்.

அப்பாவைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? கறிவேப்பிலை வாங்க முக்குக் கடைக்குப் போனால்கூட ஹெல்மெட் போடுகிற மனுஷர். சின்ன வயதில் நாம் ஸ்டூலில் ஏறினால் ஸ்டூலின் கால்களை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்மை ஏற்றுவார். அவர் வாடகை சிலிண்டரை மாட்டி மார்க் வாங்குவாரா?

மீசை வரைய நீ ஒருவன்தான் இருக்கிறாயா? அந்தப் பட்டறையில் உன்னை மாதிரி இன்னொரு வேலையற்றவன் இருக்கலாம்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

இப்படி நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு தொழிற்பேட்டையில் அடுத்தடுத்து இரண்டு கம்பெனிக்குப் போனோம். முதல் கம்பெனியில் பார்த்த முதலுதவிப் பெட்டி, மூலை உடைந்த அதே பெட்டி, மறுநாள் இரண்டாவது கம்பெனியில் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பட்டாபி சார் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

உன் மூளை சும்மா இருக்காது என்று தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். இதை வைத்து யாரையும் மிரட்டாதே. சிலிண்டரைப் பார்க்காதே, சுவரைப் பார். ஒரு பொருள் மாசக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்கினால் அதன் பின்னால் சுவர் வெளுப்பாக இருக்கும், சுற்றிலும் புகை படிந்திருக்கும். நம் வீட்டில் காலண்டரை எடுத்தால் தெரிகிற மாதிரி. வெல்டிங் புகை இருக்கிற இடத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படி ஒரு தடம் இருந்தால் அப்பாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படி.

சுபிக்ஷா


பெஹாலா
20 மார்ச் 2025

காலண்டர் துப்பறிவாளினி அக்காவுக்கு,

தடம் இல்லை.

இப்படி ஒரே வரியில் கடிதத்தை முடித்து உன்னைப் பழிவாங்கலாமா என்று யோசித்தேன். என் இயல்பு அனுமதிக்கவில்லை.

கெமிஸ்ட்ரி பரீட்சை முடிந்த அன்று அப்பா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். (கண்ணாடி என் சாக்ஸுக்குள் தானாகவே போய் ஒளிந்துகொண்டது. அதைப் பற்றி வேறொரு கமிஷன் விசாரிக்கட்டும்.) அதைக் கொடுக்கும் சாக்கில் பட்டறைக்குப் போனேன். அப்பா ஆபீஸ் அறையில் இருந்தார். நான் நேரே வெல்டிங் பக்கம்.

சிலிண்டர் இல்லை. ஒன்றுகூட இல்லை. வரிசையாகக் கொக்கிகள் மட்டும். அவற்றில் என்ன தொங்குகிறது தெரியுமா? கம்சா. வெல்டர்கள் முகம் துடைக்கிற சிவப்புக் கட்டம்போட்ட துண்டுகள், குளித்துவிட்டு வந்த மாதிரி சொட்டிக்கொண்டு. ஒன்றை விலக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர், மேலும் கீழும் எப்படிக் கறுத்திருக்கிறதோ அப்படியே கறுத்திருக்கிறது. நீ சொன்ன வெளுப்பு ஓரிடத்திலும் இல்லை.

அங்கே ஃபிராங்க்ளின் அண்ணன் என்று ஒரு வெல்டர், தூத்துக்குடிக்காரர். தமிழைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். "இங்க சிலிண்டர் இருந்துச்சே அண்ணே?" என்றேன்.

"யாரு, மாப்பிள்ளையா? அவுக போயிட்டாக."

"மாப்பிள்ளையா?"

"ஆமா தம்பி. ஆடிட்டு வருதுன்னா மொத நாள் வேன்ல வந்து எறங்குவாக. தொடச்சு, பொட்டு வச்சு, நல்ல எடமாப் பார்த்து நிக்க வைப்போம். வந்தவங்க பார்த்துப்புட்டு, 'ஆகா, லட்சணமா இருக்காரே'ம்பாக. விருந்து முடிஞ்சதும் வேன் ஏறிடுவாக. மறுவீட்டுக்கு அடுத்த ஆடிட்டுலதான் பாக்கணும்."

"நெருப்புப் பிடிச்சா?"

"பிடிக்காதுன்னு ஜெயந்த் பாபு சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் டீயைக் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் நிதாய் தாவின் கிடங்கை எட்டிப் பார்த்தேன். மூங்கில் குவியலுக்குப் பின்னால் மாப்பிள்ளைகள் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள். மீசைக்காரர் முன்வரிசையில். அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறார்.

அன்று சாப்பிடும்போது போகிறபோக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன். "அப்பா, உங்க பட்டறைல சிலிண்டரெல்லாம் எங்கே?" அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ரீஃபில்லுக்குப் போயிருக்குடா" என்றார். "எப்போலேர்ந்து?" என்றேன். அவர் கை நின்றது. "நான் சேர்ந்ததுலேர்ந்து அப்படித்தான் சொல்றாங்க" என்றார். பிறகு மோர் விட்டுக்கொள்ளாமலே எழுந்துவிட்டார். அப்பா மோர் இல்லாமல் எழுந்து நான் பார்த்ததில்லை.

அக்கா, இது தெரிந்த முகமா, தெரியாத முகமா? எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரியும் என்றால் அந்தக் கேடயத்தை எங்கே வைப்பது? ஷோகேசில் உன் ஸ்கூல் கப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கிறது. அதில் 'விழிப்புணர்வுக்காக' என்று பொறித்திருக்கிறார்கள்.

நெயில் பாலிஷா? என் விரல்களைப் பார்த்தால் சந்தேகப்படத் தோன்றுமா?

ஹரீஷ்
தலைமைத் துப்பறிவாளர், கொல்கத்தா வட்டாரம்


அம்பத்தூர்
25 மார்ச் 2025

ஹரீஷ்,

நேற்று அப்பாவிடம் பேசினேன். உன் பெயரை எடுக்கவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கத்தரிச்செடியைப் பற்றிக் கேட்டேன். பிறகு கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. பின்னால் டிவியில் அம்மாவின் சீரியல் ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "தெரியாதுன்னு சொன்னா பொய். தெரியும்னு சொன்னாலும் முழு உண்மை இல்லம்மா. ரீஃபில்னு சொன்னாங்க, நம்பினா வசதியா இருந்தது, நம்பினேன். ஆடிட் அன்னிக்கு வந்து நின்னதும், இதோ வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன். விருந்து முடிஞ்சு போனதும் மறுபடி ரீஃபில்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நீயாக இருந்தால் ஜோக் அடித்திருப்பாய்.

அவரைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை என்பது இன்னொரு விஷயம். இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு நான் நேரில் போயிருக்க வேண்டும். "போட்டோ அனுப்பிட்டாங்க, எல்லாம் சரியா இருக்கு, போட்டுடு" என்றார் பட்டாபி சார். போட்டோவில் அவசர வழிக் கதவு திறந்து, வெளிச்சம் வருகிற மாதிரி அழகாக இருந்தது. நேரில் பார்த்த மாதிரி மார்க் போட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கதவுக்கு வெளியே தென்னை மரங்கள் தெரிகின்றன. அந்தக் கம்பெனி இருக்கிற இடத்தில் ஒரு புல்கூடக் கிடையாது.

அப்பாவிடம் கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். "அந்த சிலிண்டர்கள்ல ஒண்ணையாவது எடுத்து அழுத்திப் பார்த்திருக்கீங்களா?" "வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க மறுபடி பார்க்க வராங்க. வெக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கிற வயதா அது? நீ எதிலும் தலையிடாதே. வீட்டில் இரு. அவர் மோர் குடிக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல்.

சுபி


பெஹாலா
31 மார்ச் 2025

அக்கா! அக்கா! அக்கா!

மோர் குடிக்கிறார். இரண்டு டம்ளர். பாதிப் புருவத்தோடு.

பதறாதே, முதலிலிருந்து சொல்கிறேன். பார்த்தவர் ஃபிராங்க்ளின் அண்ணன். அவர் சொன்னதில் பாதியையும் அப்பா சொல்லாமல் விட்டதில் பாதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முந்தின நாளே வேன் வந்து மாப்பிள்ளைகள் இறங்கியாயிற்று. கம்சாக்கள் தலைமறைவு. ஜெயந்த் பாபு வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார், அவர்கள் தலையாட்டிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் முற்றத்துக்கு வந்ததும் அப்பா, "ஒரு நிமிஷம்" என்றார். அங்கே ஏற்கெனவே ஓர் இரும்புத் தட்டில் டீசல் ஊற்றித் தயாராக வைத்திருந்திருக்கிறார். நம் அப்பா! ஸ்டூல் காலை ஆட்டிப் பார்க்கிற அப்பா! அவரே நெருப்பு வைத்தார்.

"ஜெயந்த் பாபு, உங்க கையாலேயே ஒரு சிலிண்டரை எடுத்துக் குடுங்க" என்றார். மேனேஜர் முகம் லுச்சி மாவு மாதிரி வெளுத்துவிட்டதாம். கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்துக் கொடுத்தார். யாரை என்று நினைக்கிறாய்? மீசைக்காரரை!

அப்பா சிலிண்டரின் பின்னை இழுத்து, நெருப்புக்குக் கிட்டே போய், குழாயை நீட்டி அழுத்தினார். அழுத்தினார். "புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கிழவன் இருமுன மாதிரி, அவ்ளோதான்" என்றார் ஃபிராங்க்ளின் அண்ணன். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. நெருப்பு எட்டி வந்து அப்பாவின் இடது புருவத்தை வாங்கிக்கொண்டு போனது. ஃபிராங்க்ளின் அண்ணன்தான் ஈரச் சாக்கை வீசித் தட்டை மூடினார். அப்பாவின் கையில் கொஞ்சம் கொப்புளம். அம்மா கத்திய கத்தலுக்கு உன் லேப்டாப்பே தேவலை.

அப்புறம் அப்பா, கருகின புருவத்தோடு, வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இவை வாடகைக்கு வந்தவை, நாளை போய்விடும், போன ஆடிட்டிலும் இப்படித்தான், அதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்று. முழுவதும். "என்னையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றாராம்.

தொண்ணூற்றாறு ரத்து! பட்டறை சொந்தமாக சிலிண்டர் வாங்கி மாட்டி, எல்லா வெல்டர்களுக்கும் பயிற்சி கொடுக்கும்வரை ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்றும், பயிற்சியை அவரே நடத்த வேண்டும் என்றும் வந்தவர்களில் ஒரு அம்மாள் கண்டிப்பாகச் சொன்னாராம். அப்பா கேடயத்தை ஷோகேசிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது அது கத்தரித் தொட்டிக்கு முட்டுக் கொடுக்கிறது.

அக்கா, கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். இதையெல்லாம் ஆரம்பித்தது யார்? எட்டாவது லுச்சியோடு நடந்து, ஒரே பார்வையில் மோசடியைக் கண்டுபிடித்தது யாருடைய கண்? தகுதி வாய்ந்த ஆடிட்டர்கள் பார்த்துவிட்டுப் போனதை, கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கியவன் பிடித்தான். எனக்குச் சிலை வேண்டாம். தபால்தலை போதும்.

இப்போது ஜெயந்த் பாபு எல்லாப் பழியையும் நிதாய் தா மேல் போடுகிறார். "நான் நல்ல சிலிண்டர்தான் வாடகைக்குக் கேட்டேன், காலி சிலிண்டரைக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டான்" என்று. நம் கிளப்பிலும் பேச்சு. துர்கா பூஜைப் பந்தலை இந்தத் தடவை நிதாய் தாவுக்குக் கொடுக்கப் போவதில்லை என்று பொய்லா பொய்ஷாக் (வங்காளப் புத்தாண்டு) அன்று முடிவு செய்யப்போகிறார்கள். பெயரிலேயே இரண்டு பொய் இருக்கிற நாள், நல்ல பொருத்தம்தான்.

போன் திரும்பி வந்துவிட்டது. பிளாக்கை எடுக்கிற பெரிய மனசு உனக்கு வந்துவிட்டதா?

வெற்றித் திருமகன்
ஹரீஷ்


அம்பத்தூர்
5 ஏப்ரல் 2025

ஹரீஷ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பாவை நினைத்து அழுதேன், பிறகு பெருமையாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குச் செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும். பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டாபி சார் இப்போது "குளிச்சாச்சா" என்று கேட்பதில்லை. எதுவுமே கேட்பதில்லை. பார்க்கலாம்.

அது இருக்கட்டும்.

அப்பாவிடம் நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். நெருப்புக்கு அவ்வளவு கிட்டே ஏன் போனீங்க என்று கேட்டேன். "அது வேலை செய்யும்னு நம்பித்தான் போனேன்" என்றார். அவர் திட்டமே வேறு, உனக்குத் தெரியுமா? நெருப்பை அணைத்துக் காட்டிவிட்டு, 'இவ்வளவு நல்ல பொருள் நாளைக்கு இங்கே இருக்காது' என்று சொல்வதாக இருந்தாராம். மேனேஜர் கொடுத்ததும் பின்னை இழுப்பதற்கு முன்னால் அழுத்தமானியைப் பார்த்திருக்கிறார். பச்சையாக இருந்தது என்கிறார். மற்ற சிலிண்டர்களைப் பிறகு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்களாம். எல்லாம் நன்றாக வேலை செய்தன. மீசைக்காரரைத் தவிர.

பிறகு அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். முள் இடது பக்கம் சிவப்பில் படுத்துக் கிடந்தது. சிவப்பின் மேல் யாரோ பச்சை பூசியிருந்தார்கள். "வெயில்ல மினுமினுன்னு இருந்துச்சும்மா, தீபாவளி மத்தாப்பு மாதிரி" என்றார். நிதாய் தா இப்படிச் செய்வார் என்று அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை.

நிதாய் தா நம் வீட்டு வாசலுக்கு வந்து, ஜனவரியில்தான் எல்லாவற்றையும் நிரப்பியதாக மா காளி மேல் சத்தியம் செய்து அழுதார் என்று அம்மா சொன்னாள். நீ அப்போது வீட்டில்தான் இருந்தாயாம். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

இரண்டு கேள்விதான். பொய் சொல்லாமல் பதில் எழுது.

சரஸ்வதி பூஜையில் அன்னத்துக்குப் போட்ட மேகம் நிஜமாகவே டால்கம் பவுடரா? பூசாரி அரை மணி நேரம் இருமினாரே.

என் நெயில் பாலிஷ் எங்கே?

சுபிக்ஷா


பெஹாலா
9 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

அறிவிப்பு எதுவும் இல்லை.

டால்கம் பவுடர் இல்லை. முதலில் டால்கம் பவுடரைத்தான் ஊதிப் பார்த்தோம். அது மேகம் மாதிரி வரவில்லை, கேரம் போர்டு மாதிரி வந்தது. பூசாரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பக்கத்தில் சிலிண்டர் நின்றது. நரேன் வாசலைப் பார்த்துக்கொண்டான். நான் பின்னை இழுத்து ஒரே ஒரு தடவை, மெதுவாக, அன்னத்தின் காலடியில் அழுத்தினேன். அப்படி ஒரு மேகம் நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்தாய். கைதட்டினாய்.

ஒரு சின்ன அழுத்துதானே, மீதி அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். இருக்காதாம். ஒரு தடவை அழுத்தினால் அதன் வாயில் தூள் சிக்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் தானாகக் கசிந்துவிடுமாம். இது இப்போது அப்பா சொல்லித் தெரியும். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது முள் சிவப்பில் படுத்திருந்தது. நிதாய் தா பார்த்தால் கிளப்பில் சொல்லிவிடுவார், கிளப்பில் சொன்னால் அப்பாவுக்குப் போகும். உன் மேஜையில் பச்சை இருந்தது. பின்னைப் பழையபடி செருகி, அறுந்த பிளாஸ்டிக் முத்திரையை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன். அழகாக வந்திருக்கிறதே என்ற பூரிப்பில் மீசையும் வரைந்தேன். பச்சைப் பொய் என்று சொல்கிறோமே, அதை நிஜமாகவே தூரிகையால் தொட்டுப் பூசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகும் அது பந்தலில் நின்றது அக்கா. அன்று சாயங்காலம் ஆரத்தி. கற்பூரம், விளக்கு, துணிப் பந்தல், பாடாவில் இருக்கிற அத்தனை குழந்தைகளும் முன்னால். நீயும் அம்மாவும் மூன்றாவது வரிசை. சிலிண்டர் பச்சையாகத் தேவிக்குப் பக்கத்தில் நின்றது. நான் பிரசாதக் கிச்சடி தின்றுகொண்டிருந்தேன். இது எனக்கு உன் கடிதம் வந்த அன்றுதான் உறைத்தது.

பட்டறையில் அதைப் பார்த்ததும் ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன் என்று எழுதினேனே. கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலி என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு எழுதிய முதல் கடிதத்திலாவது எழுதியிருக்க வேண்டும். எழுதினால் துப்பறிவாளர் வேஷம் போய்விடுமே என்று மீசையை மட்டும் எழுதினேன். எப்படியும் கிடங்குக்குத் திரும்பப் போகிற சிலிண்டர்தானே என்றும் நினைத்துக்கொண்டேன். அப்பா ரீஃபில் என்று நினைத்துக்கொண்ட மாதிரி. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியுமா என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குத்தான் தெரிந்திருந்தது.

உன் கடிதம் வந்த சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். பால்கனியில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். ரொம்ப நேரம் கையால் புருவம் இருந்த இடத்தைத் தடவினார். அடிப்பார் என்று நினைத்தேன். "பச்சையா இருக்கான்னு மட்டும் பார்த்தேன்டா, முள்ளு எங்க நிக்குதுன்னு பார்க்கல. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். அவர் அவரையே திட்டிக்கொண்டது அடியைவிட மோசமாக இருந்தது. அப்புறம், "செருப்பைப் போடு" என்றார்.

நிதாய் தாவின் கிடங்குக்குப் போனோம். அப்பா வெளியிலேயே நின்றுகொண்டார். நானே வங்காளியில் சொன்னேன். எனக்கு வங்காளி தமிழைவிட நன்றாக வரும் என்று பீற்றிக்கொள்வேன் அல்லவா? அன்று வரவில்லை. "தாதா, ஆமி..." (அண்ணா, நான்...) என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். அவர் மூங்கில் மேல் உட்கார்ந்து கேட்டார். "அட கழுதை" என்று ஒரே ஒரு வார்த்தை, அதுவும் வங்காளியில். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடிட்டுக்கு வாடகை விட்டது தன் தப்பு, அதைத் தானே கிளப்பில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். காலி சிலிண்டர் என் தப்பு, அதை நான் சொல்ல வேண்டும். பொய்லா பொய்ஷாக் அன்று, மிஷ்டி (இனிப்பு) கொடுப்பதற்கு முன்னால், மைக்கில். நரேன் தனக்கு அன்று காய்ச்சல் வரும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

துர்கா பூஜை வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கிடங்குக்குப் போய் எல்லா சிலிண்டர்களின் முள்ளையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா தீர்ப்பு. நிதாய் தா சொன்ன திருத்தம்: கண்ணாடி மேல் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

தபால்தலை வேண்டாம் அக்கா. போன கடிதத்தைக் கிழித்துவிடு. முடிந்தால் ஃபிராங்க்ளின் அண்ணன் வருகிற பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்.

இத்துடன் உன் நெயில் பாலிஷ் பாட்டிலை அனுப்பியிருக்கிறேன். கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கிறதே, பயல் புதிதாக வாங்கிவிட்டான்போல என்று நினைப்பாய். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் நேற்று நிரப்பினேன். உள்ளே இருப்பது என் டிராயிங் பெட்டியின் வாட்டர் கலரும் கொஞ்சம் ஜிகினாவும். ஒட்டி, முகவரி எழுதி, தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, பிரித்து, இந்தக் கடைசிப் பாராவை எழுதுகிறேன். பூசிக்கொள்ளாதே. தண்ணீர் பட்டால் போய்விடும்.

ஹரீஷ்